எக்ஸ்பி ஓடும் நெட்புக்கில் ஆன்டிஎக்ஸ் லினக்ஸ் நிறுவுவது எப்படி?

அலமாரியின் மேல்தட்டில் துணிக்கடைப் பைக்குள் சுற்றிவைத்த 10 அங்குல நெட்புக் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். இன்டெல் ஆட்டம் என்270, 1 ஜிபி ராம், விண்டோஸ் எக்ஸ்பி. திரையும் விசைப்பலகையும் நன்றாக இருந்தால், தயவுசெய்து அதை எடைக்குப் போடாதீர்கள்.

எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8 அன்றே நிறுத்திவிட்டது. தட்டச்சுக்கும் பழைய மென்பொருளுக்கும் மட்டும் என்றால், இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு எக்ஸ்பியையே வைத்துக்கொள்ளலாம். இணையமும் வேண்டுமென்றால் எக்ஸ்பியை எடுத்துவிட்டு, பழைய கணினிகளுக்கும் ஏற்ற இலவச லினக்ஸ் இயங்குதளமான ஆன்டிஎக்ஸுக்கு மாறித்தான் ஆக வேண்டும். எக்ஸ்பியில் வங்கிக் கணக்கைத் திறக்கவே கூடாது.

படி 1: படங்கள், ஆவணங்கள் அனைத்தையும் வெளி வட்டுக்கு நகலெடுங்கள். நகலெடுத்ததை வேறொரு கணினியில் திறந்து பார்த்த பிறகே அடுத்த வேலை.

படி 2: 'மை கம்ப்யூட்டர்' மீது வலச் சொடுக்கு செய்து, 'பிராப்பர்ட்டீஸ்' பகுதியில் செயலியின் பெயரைப் பாருங்கள். என்270 என்றால் அது 32 பிட் மட்டுமே. இதைக் கவனிக்காமல் 64 பிட் பதிப்பைத் தரவிறக்கினால் அது தொடங்கவே தொடங்காது. பல லினக்ஸ் இயங்குதளங்களுக்கு அடிப்படையான டெபியன், 2025 ஆகஸ்டில் வந்த தன் 13-ஆம் பதிப்பில் 32 பிட் நிறுவியைக் கைவிட்டுவிட்டது. அதனால் டெபியன் 12-ஐ அடிப்படையாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் 23-இன் 32 பிட் பதிப்பை நான் பரிந்துரைக்கிறேன். 1 ஜிபி ராமிலும் அது தாராளமாக ஓடும்.

ராமை 2 ஜிபி ஆக்க முடிந்தால் உடனே செய்யுங்கள். என்270 நெட்புக்குகளுக்குப் பெரும்பாலும் மடிக்கணினிக்கான டிடிஆர்2 ராம்தான் பொருந்தும். பழைய ராமைக் கழற்றிக் கடைக்கு எடுத்துச் சென்று ஒப்பிட்டு வாங்குங்கள். செலவு செய்ய இன்னும் மனமிருந்தால் சாதா ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுழலும் பாகமில்லாத வேக வட்டான எஸ்எஸ்டி போடலாம். வேகத்தில் அதுதான் பெரிய மாற்றத்தைத் தரும்.

படி 3: வேறொரு கணினியில் ஆன்டிஎக்ஸ் ஐஎஸ்ஓ கோப்பைத் (முழு இயங்குதளமும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) தரவிறக்கி, ரூஃபஸ் என்ற விண்டோஸ் மென்பொருள் மூலம் 4 ஜிபி பென்டிரைவில் எழுதுங்கள். பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பவை அழிந்துவிடும்.

படி 4: பென்டிரைவைச் செருகி நெட்புக்கை இயக்கியதும் எஃப்2, எஃப்12 அல்லது எஸ்கேப் விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். எந்த விசை என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். வரும் திரையில், கணினி பென்டிரைவிலிருந்து தொடங்கும்படி தேர்ந்தெடுங்கள். முதலில் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டி, ஒலி, தொடுபலகை, வைஃபை மூன்றையும் சோதியுங்கள். வைஃபை கிடைக்காவிட்டால் பக்கவாட்டில் உள்ள லேன் துளையில் கேபிளைச் செருகுங்கள்.

படி 5: முகப்பிலுள்ள நிறுவியைத் திறந்து, கேட்பதற்குப் பதில் சொல்லிக்கொண்டே போகலாம். முழு வட்டையும் தேர்ந்தால் எக்ஸ்பி அழிந்துவிடும். புதியவர்கள் தவிப்பது வேறோர் இடத்தில்: திரை உயரம் 600 புள்ளிதான் என்பதால், சில சாளரங்களின் அடியில் உள்ள 'அடுத்து' பொத்தான் திரைக்குக் கீழே மறைந்துவிடும். ஆல்ட் விசையை அழுத்தியபடி சாளரத்தை மேலே இழுங்கள், பொத்தான் தெரியும்.

எனக்கு நிறுவிய பிறகுதான் சோதனை வந்தது. எந்தத் தளத்தைத் திறந்தாலும் சான்றிதழ் பிழை. மென்பொருள் புதுப்பிப்பும் நடக்கவில்லை. அரை நாள் தேடிய பின் திரை மூலையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். ஆண்டு 2009 என்று இருந்தது. மதர்போர்டில் இருந்த காசு வடிவ சிஆர்2032 பேட்டரி தீர்ந்து, ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் தேதி பின்னுக்குப் போயிருந்தது. அதை மாற்றித் தேதியைத் திருத்தியதும் எல்லாம் திறந்தன. உங்களுக்கும் இந்தப் பிழை வந்தால் முதலில் தேதியைப் பாருங்கள்.

படி 6: சினாப்டிக் மென்பொருள் மேலாளரில் லோஹித் தமிழ் எழுத்துருவை நிறுவுங்கள். தமிழ்99 விசைப்பலகைக்கு, பல மொழிகளில் தட்டச்ச உதவும் ஐபஸ் மென்பொருள், தமிழ்99 அமைப்பைத் தரும் எம்17என் தொகுப்பு இரண்டும் வேண்டும். நிறுவி, வெளியேறி மீண்டும் நுழைந்து, விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்99-ஐச் சேர்த்தால் தட்டச்சு தயார். உலாவியில் இரண்டு மூன்று தாவல்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உயர்தரக் காணொளியை இந்தச் செயலி தாங்காது.