நெடுஞ்சாலைக்கு நிலம் போகிறதா? இழப்பீட்டுக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்

எங்கள் குடும்ப நிலத்தில் ஒரு பகுதி தேசிய நெடுஞ்சாலை விரிவாக்கத்துக்குப் போனது. அதிகாரி சொல்லும் தொகை எப்படி வருகிறது என்று புரிந்த பிறகுதான் எங்களால் தைரியமாகப் பேச முடிந்தது. பட்டா, புல வரைபடம் எல்லாம் இணையத்தில் எடுக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு, நேராகக் கணக்குக்கு வருகிறேன்.

முதலில் 3ஏ அறிவிக்கையின், அதாவது உங்கள் நிலத்தை எடுக்கப்போவதாகத் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 3ஏ பிரிவின்கீழ் அரசு வெளியிடும் அறிவிப்பின், தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்சேபம் சொல்ல அதிலிருந்து 21 நாள்தான் அவகாசம். நிலத்தின் விலையும் அந்தத் தேதியை வைத்தே முடிவாகும். சர்வே எண், உட்பிரிவு, பரப்பு மூன்றும் பட்டாவோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

அடுத்தது கிரயப் பத்திரங்கள். பணம் கூடுவதும் குறைவதும் இங்கேதான். 2013ஆம் ஆண்டின் நிலமெடுப்பு இழப்பீட்டுச் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி, பத்திரப் பதிவுக்காக அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு ஒன்று, அக்கம்பக்கத்தில் அதே மாதிரி நிலம் விற்ற சராசரி விலை இன்னொன்று. இரண்டில் எது அதிகமோ அதுதான் சந்தை மதிப்பு. சராசரி பார்க்க, 3ஏ தேதிக்கு முந்தைய மூன்று ஆண்டுகளின் பத்திரங்களை எடுத்து, அவற்றில் விலை கூடிய பாதியை மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டும். பத்துப் பத்திரம் கிடைத்தால் மேலே உள்ள ஐந்தின் சராசரி. இந்தப் 'பாதி' விஷயம் பலருக்குத் தெரியாது.

பத்திரங்களைத் தேட, புல வரைபடத்தின் ஓரங்களில் உள்ள பக்கத்து சர்வே எண்களை எழுதிக்கொண்டு, பதிவுத்துறை இணையதளத்தில் ஒவ்வொன்றுக்கும் வில்லங்கச் சான்று (அந்த நிலத்தில் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டுப் பாருங்கள். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. கிரயப் பத்திரத்தை மட்டும் எடுங்கள். தானம், பாகப்பிரிவினை உதவாது. விலையை எல்லாம் சென்ட் கணக்குக்கு மாற்றி ஒரு நோட்டில் எழுதுங்கள். செயலிகளைவிட எனக்கு நோட்டுதான் வசதி. இழப்பீட்டை முடிவுசெய்ய அதிகாரி நடத்தும் விசாரணையில் அப்படியே நீட்டலாம். உண்மையான சந்தை நிலவரத்தைக் காட்டவில்லை என்று சில பத்திரங்களை ஒதுக்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. ஒதுக்கினால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

சரி, கணக்கு. சந்தை மதிப்பு 10 லட்சம் என்று வையுங்கள். கிராமப்புறத்துக்கு, நகரத்திலிருந்து உள்ள தூரத்தைப் பொறுத்து 1 முதல் 2 வரை பெருக்கல் காரணி உண்டு. அது 1.25 என்றால் 12.5 லட்சம். கிணறு, மரம், கட்டடம் 1 லட்சம் சேர்த்தால் 13.5 லட்சம். இதற்கு நூறு சதவீதம் ஆறுதல் தொகை (நிலத்தைக் கட்டாயமாக எடுப்பதற்காகத் தரும் கூடுதல் பணம்) சேர்ந்து 27 லட்சம். 3ஏ தேதியிலிருந்து சந்தை மதிப்புக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் தனி. மரங்களை அளக்க வரும்போது கூடவே நில்லுங்கள். எண்ணிக்கை விட்டுப்போனால் பிறகு சேர்ப்பது பெரும்பாடு.

தொகை குறைவு என்று தோன்றினாலும் பணத்தை வாங்க மறுக்க வேண்டாம். 'ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். அப்புறம் தொகையைக் கூட்டச் சொல்லி, தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 3ஜி(5) பிரிவின்படி நடுவரிடம் மனு போடலாம். தமிழ்நாட்டில் பெரும்பாலும் மாவட்ட ஆட்சியரே நடுவர்.

பிற்சேர்க்கை: கூட்டுப் பட்டா பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். பங்கில் தகராறு இருந்தால் அதிகாரி விவகாரத்தை நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடுவார். தீர்ப்பு வரும்வரை பணம் கைக்கு வராது. தாத்தா பெயரிலேயே பட்டா இருந்தால், விசாரணை அறிவிப்பு வருவதற்கு முன்பே வாரிசுச் சான்றும் பங்காளிகள் எல்லோரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் தயாராக இருக்கட்டும். வெளிநாட்டில் இருக்கும் பங்காளியிடம் அதிகாரப் பத்திரம் (பவர்) வாங்கவே நாளாகும், அதை முதலில் தொடங்குங்கள்.