கணித மாணவர் குவாண்டம் இயற்பியலில் சறுக்கும் இடங்கள்

சென்னைக் கல்லூரிகளில் பி.எஸ்சி. கணிதம் படிக்கும் பலருக்கு இயற்பியல் அல்லைடு பாடத்தோடு சரி. பிறகு எம்.எஸ்சி.யில் ஃபங்ஷனல் அனாலிசிஸ் வரும்போது, குவாண்டம் இயற்பியல் நடப்பதே ஹில்பர்ட் வெளியில்தான் (உட்பெருக்கம் உள்ள, முழுமையான வெக்டர் வெளி) என்று காதில் விழும், ஆசை வரும். அங்கிருந்து தொடங்குபவர்கள் செய்யும் தவறுகள் இயற்பியல் மாணவர்கள் செய்யும் தவறுகள் அல்ல.

முதல் தவறு, காத்திருப்பது. வரம்பற்ற செயலிகளின் ஸ்பெக்ட்ரல் தேற்றத்தை (அணியை மூலைவிட்டமாக்குவதன் பொது வடிவம்) முழுக்க முடித்துவிட்டுத்தான் இயற்பியல் பக்கம் போவேன் என்பவர் பெரும்பாலும் போவதே இல்லை. அதற்குத் தேவையும் இல்லை. எலக்ட்ரான் போன்றவற்றின் ஸ்பின்னுக்கு (துகளின் உள்ளார்ந்த கோண உந்தம்) இரண்டு பரிமாணக் கலப்பெண் வெளி போதும். 1922-ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஸ்டெர்னும் கெர்லாக்கும் வெள்ளி அணுக்கற்றையைச் சீரற்ற காந்தப்புலத்தின் வழியே அனுப்பினார்கள். கற்றை இரண்டாகப் பிரிந்தது. அதையே மூன்று காந்தங்களோடு தாளில் செய்து பாருங்கள். முதல் காந்தம் மேல்-கீழ் திசையில். அதில் ‘மேல்’ வந்தவை மட்டும் இரண்டாவதற்கு. இரண்டாவது இடம்-வலம் திசையில். அதில் ‘வலம்’ வந்தவை மட்டும் மூன்றாவதற்கு. மூன்றாவது மறுபடியும் மேல்-கீழ். தொடக்கத்திலேயே ‘கீழ்’ அணுக்களை முழுக்கத் தடுத்திருந்தும், மூன்றாவதுக்குள் போனவற்றில் பாதி ‘கீழ்’ என்று வெளிவரும். ஸ்பின்னைக் குறிக்கும் 2×2 பௌலி அணிகளின் ஐகன் வெக்டர்களை வைத்து இதை அரைப் பக்கத்தில் வருவிக்கலாம். அளவீட்டு விதியும் ஐகன் மதிப்பின் பொருளும் இங்கேயே பிடிபட்டுவிடும்.

இரண்டாவது தவறு இதற்கு நேர் எதிர். அணிகளில் செல்லுபடியானது எங்கும் செல்லும் என்று நம்பிவிடுவது. இருப்பிடம், உந்தம் இரண்டின் கம்யூட்டேட்டர் (ஏபி − பிஏ), அலகுச் செயலியின் பூச்சியமல்லாத மடங்கு. முடிவுள்ள பரிமாணத்தில் எந்தக் கம்யூட்டேட்டருக்கும் டிரேஸ் பூச்சியம். வலப்பக்கத்தின் டிரேஸோ பூச்சியமல்ல. ஆகவே முடிவிலாப் பரிமாணம் கட்டாயம். அங்கும் இரண்டு செயலிகளுமே வரம்புள்ளவையாக இருக்க வழியில்லை. வரம்பற்ற சமச்சீர்ச் செயலியை வெளி முழுவதிலும் வரையறுக்க முடியாது என்கிறது ஹெலிங்கர்–டோப்ளிட்ஸ் தேற்றம். செயலியின் சூத்திரத்தை மட்டும் சொன்னால் போதாது, சார்பகத்தையும் சொல்ல வேண்டும் என்பது இதன் நடைமுறைப் பொருள்.

இயற்பியல் புத்தகங்கள் சார்பகத்தைப் பேசுவதே அரிது. ஆனாலும் பெரும்பாலும் விடை சரியாகவே வரும். தவறிப்போகும் இடம் ஒன்றைக் கையால் போட்டுப் பார்ப்பது நல்லது. பெட்டிக்குள் ஒரு துகள். பெட்டியின் நீளம், நிறை, குறைத்த பிளாங்க் மாறிலி மூன்றையும் 1 என்று வையுங்கள். ஹாமில்டோனியன், அதாவது ஆற்றலுக்கான செயலி, இரண்டாம் வகைக்கெழுவின் பாதி, குறை அடையாளத்தோடு; அலைச்சார்பு இரு சுவர்களிலும் பூச்சியமாக வேண்டும். √30 × எக்ஸ்(1 − எக்ஸ்) என்ற அலைச்சார்பை எடுங்கள். ஹாமில்டோனியன் இதன்மேல் செயல்பட்டால் √30 என்ற மாறிலி கிடைக்கும். ஆற்றலின் எதிர்பார்ப்பு மதிப்பு 5. (தரைநிலை ஆற்றல், அதாவது மிகக் குறைந்த ஆற்றல், சுமார் 4.93, நம் சார்பு அதற்கு மிக அருகில் இருக்கிறது.) இனி ஆற்றல் வர்க்கத்தின் சராசரி. ஹாமில்டோனியனை இரண்டாம் முறை செயல்படுத்தினால் மாறிலியின் வகைக்கெழு பூச்சியம், எனவே சராசரியும் பூச்சியம்; மாறுபாடு (வேரியன்ஸ்) 0 − 25 = −25. மாறுபாடு குறை எண்ணாக வர முடியாது.

பிழை எங்கே? அந்த மாறிலிச் சார்பு சுவர்களில் பூச்சியமாவதில்லை. ஹாமில்டோனியனின் சார்பகத்துக்கு அது வெளியே. இரண்டாம் முறை செயல்படுத்தவே நமக்கு உரிமையில்லை. முதல் முறை கிடைத்த சார்பின் நெறிம (நார்ம்) வர்க்கத்தை ஆற்றல் வர்க்கத்தின் சராசரியாக எடுத்தால் 30, மாறுபாடு 5. ஐகன் சார்புகளின் தொடராக விரித்துக் கூட்டினாலும் அதே 30 வரும். ‘தொடரில் போட்டுப் பார்’ என்று இயற்பியல் பேராசிரியர்கள் சொல்வது சோம்பேறித்தனமல்ல. ஸ்பெக்ட்ரல் தேற்றம் சொல்வதும் அதுதான்.

இதைப் பார்த்தபின் எல்லாவற்றையும் சந்தேகிக்கத் தொடங்குவது அடுத்த பள்ளம். தள அலையின் வர்க்கம் தொகையிடத்தக்கதல்ல. டிராக்கின் டெல்டா ஒரு சார்பே அல்ல. சரிதான், ஆனால் அதற்காகப் புத்தகத்தை மூடாதீர்கள். ஃபூரியர் மாற்றத்தின் சுருக்கெழுத்தாக அவற்றைப் படித்துக்கொண்டு போங்கள். டிஸ்ட்ரிப்யூஷன் கோட்பாட்டை வைத்துப் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

குறியீட்டுக் குழப்பம் சின்னது, ஆனால் மதிப்பெண்ணைத் தின்னும். கணிதப் புத்தகங்கள் பலவற்றில் உட்பெருக்கம் முதல் இடத்தில் நேரியல். இயற்பியலில் இரண்டாம் இடத்தில். கணிதத்தில் நட்சத்திரக் குறி அட்ஜாயிண்ட். இயற்பியலில் அது இணைக் கலப்பெண், அட்ஜாயிண்டுக்கு டாகர் குறி. நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

இரண்டு துகள்களைச் சேர்க்கும்போது நேர்க்கூட்டல் போடுவதும் அடிக்கடி நடக்கிறது. போட வேண்டியது டென்சர் பெருக்கல். பத்து ஸ்பின்களுக்கு 20 பரிமாணமல்ல, 1024. அந்த வெளியின் வெக்டர்களில் பெரும்பாலானவற்றைத் தனித்தனித் துகள்களின் நிலைகளாகப் பிரித்தெழுத முடியாது; பின்னல் (என்டாங்கிள்மென்ட்) என்பது இதுதான்.

கணித மாணவர்கள் அதிகம் தவிர்ப்பது எண்களைத்தான். மாறிலிகளையெல்லாம் 1 ஆக்கிய கணக்கு முடிந்ததும் அலகுகளைத் திரும்பப் போடுங்கள். 1 நானோமீட்டர் பெட்டியில் எலக்ட்ரானின் தரைநிலை ஆற்றல் சுமார் 0.38 எலக்ட்ரான் வோல்ட். அடுத்த மட்டம் இதன் நான்கு மடங்கு; இடைவெளி சுமார் 1.13 எலக்ட்ரான் வோல்ட். அதற்குரிய ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 1100 நானோமீட்டர், அகச்சிவப்பு.

ஹாமில்டோனியன் எங்கிருந்து வருகிறது என்பதைத் தேற்றம் எதுவும் சொல்லாது. அதற்குச் செவ்வியல் இயக்கவியல் வேண்டும்: லக்ராஞ்சியன், பாய்சான் அடைப்பு, அலைவி (ஆசிலேட்டர்). சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த வி. பாலகிருஷ்ணனின் விரிவுரைகள் என்.பி.டெல் என்ற இணையப் பாடத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. குவாண்டம் தொடருக்கு முன் செவ்வியல் தொடரைப் பாருங்கள். பலகையில் ஒரு வரி எழுதப்பட்டதும் காணொளியை நிறுத்தி, அடுத்த வரியை நீங்களே எழுதிவிட்டுத் தொடருங்கள்.