உங்கள் கதையில் நீங்கள் எங்கே? கோடிபென்டன்சியிலிருந்து மீள்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்னொருவரின் குடி, கோபம், கடன், சோர்வு இவற்றைச் சமாளிப்பதே ஒருவருக்கு முழுநேர வேலையாகிப் போவதைத்தான் கோடிபென்டன்சி என்கிறார்கள். அவர் முகம் கொஞ்சம் வாடினாலும் இவருக்கு அன்றைய பொழுது போச்சு. இதிலிருந்து வெளியே வர, தன் கதையை வாய்விட்டுச் சொல்வது பலருக்கு உதவியிருக்கிறது. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக 1951-ல் அமெரிக்காவில் தொடங்கிய அல்-அனான், 1986-ல் அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் உருவான கோடா என்கிற கோடிபென்டன்ட்ஸ் அனானிமஸ், இந்த இரண்டு சுயஉதவிக் குழுக்களின் கூட்டங்களுமே இந்தப் பகிர்தலை நம்பித்தான் நடக்கின்றன. ஆனால் பழக்கதோஷம் லேசில் விடாது. யாரை விட்டு விலகி மூச்சு விட வந்தோமோ, அவரே நம் கதைக்குள் வந்து நடுநாயகமாக உட்கார்ந்துகொள்வார்.

முதல் தவறு அதுதான். மற்ற பெரும்பாலான தவறுகள் அதன் கிளைகள்.

பத்து நிமிடம் பேசினால் ஒன்பது நிமிடம் 'அவர்'. எப்போது குடித்தார், பாட்டிலை எங்கே ஒளித்தார், யார் முன்னால் என்ன சொல்லி அவமானப்படுத்தினார் என்று நாள், நேரம், சாட்சி எல்லாம் கச்சிதமாக இருக்கும். சொல்பவரைப் பற்றி மட்டும் ஒன்றுமே இருக்காது. "ராத்திரி இரண்டு மணிக்கு வந்தார்" என்பது அவருடைய கதை. "இரண்டு மணி வரை வாசல் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். காலையில் அவர் ஆபீசுக்கு நானே போன் போட்டு, காய்ச்சல் என்று பொய் சொன்னேன். கை நடுங்கியது. கூடவே, இன்றைக்கும் அவர் வேலையைக் காப்பாற்றிவிட்டேன் என்று ஒரு சின்னப் பெருமை" என்பது உங்கள் கதை. அந்தச் சின்னப் பெருமை இருக்கிறதே, அதைச் சொல்லத்தான் நாக்கு எழாது. ஆனால் இந்தக் காப்பாற்றும் வேலையில் தனக்கு என்ன கிடைத்தது என்று தெரியாதவரை அதை விட மனம் வராது.

தன் பங்கைச் சொல்வது வேறு, பழியைச் சுமப்பது வேறு. இந்த இடத்தில் பலர் சறுக்குகிறார்கள். "நான் இன்னும் பொறுமையாக இருந்திருந்தால் அவர் குடித்திருக்க மாட்டார்" என்பதும் பழைய நோய்தான், சட்டை மட்டும் புதிது. அல்-அனானில் இதற்கு மூன்று வாக்கியம் வைத்திருக்கிறார்கள்: நான் இதை உண்டாக்கவில்லை, என்னால் இதைக் கட்டுப்படுத்த முடியாது, குணப்படுத்தவும் முடியாது. பொய் சொல்லிப் போன் போட்டது உங்கள் கணக்கு. அவர் குடித்தது அவர் கணக்கு.

நடந்ததை மட்டும் வரிசையாக ஒப்பிப்பது இன்னொரு தவறு. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986-ல் சாண்ட்ரா பீல் என்பவருடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்களை வாட்டிய அனுபவத்தை எழுதச் சொன்னார்கள். பின்வந்த மாதங்களில் மருத்துவரைத் தேடிப் போவது குறைந்தது, சம்பவத்தையும் அது மனதில் கிளப்பியதையும் சேர்த்து எழுதியவர்களுக்குத்தான். சம்பவத்தை மட்டும் எழுதியவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. உணர்ச்சியோடு எழுதியவர்களுக்கு எழுதி முடித்தவுடன் மனம் பாரமாகத்தான் இருந்தது. இது தெரியாமல், சொன்ன அன்று ராத்திரி தூக்கம் வராததைக் கண்டு பயந்து, "இது நமக்கு ஒத்துவராது" என்று நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. கூட்டத்தில் பேசுவதற்கு முன் யாரும் படிக்காத ஒரு நோட்டில் எழுதிப் பார்க்கலாம். அங்கே யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை, அது பெரிய வசதி.

ஏனென்றால் முகம் பார்த்துப் பேசுவதில்தான் அடுத்த வம்பு. கேட்பவரின் கண் லேசாகக் கலங்கினால் போதும், "அய்யோ, அவ்வளவு மோசமில்லை, இப்போது பரவாயில்லை" என்று சிரித்து மழுப்பிவிடுவோம். நம் வலியைச் சொல்ல வந்த இடத்தில் எதிராளிக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்போம். அடுத்தவர் பேசத் தொடங்கினால் அவருக்கு வக்கீல் நம்பர் கொடுப்பது, நாமே ஓடிப்போய் உதவுவது என்று கிளம்பிவிடுவோம். கோடா கூட்டங்களில் குறுக்குப் பேச்சு கூடாது என்று ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் பகிரும்போது இடைமறிப்பதோ, அறிவுரை சொல்வதோ, பேசியதை எடைபோடுவதோ கூடாது. முதல் தடவை போகிறவர்களுக்கு இது கல்நெஞ்சம் மாதிரி தோன்றும். என் பார்வையில் அந்தக் கூட்டத்தின் உயிரே அதுதான். யாரையும் காப்பாற்றாமல் சும்மா உட்கார்ந்து கேட்பது, கோடிபென்டன்ட் ஒருவருக்குக் கடினமான பயிற்சி.

யாரிடம் சொல்கிறோம் என்பதும் முக்கியம். பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அம்மாவின் துக்கத்தைத் தூக்கிச் சுமந்தால், அடுத்த தலைமுறைக்கும் இதே பாடம்தான் போகும். இருவருக்கும் பொதுவான உறவினரிடம் சொல்லி, அது அவர் காதுக்குப் போய் அவர் திருந்துவார் என்று எதிர்பார்ப்பதும் வேண்டாம். அப்படிச் சொன்னால் அது தூது அனுப்புவது, பகிர்வது ஆகாது.

அப்புறம், ஒரே கதையை ஒரே தோழியிடம் தினமும் சொல்வது. அமாண்டா ரோஸ் என்ற ஆய்வாளர் 2002-ல் பள்ளி மாணவர்களிடம் இதைப் பார்த்தார். நண்பர்கள் சேர்ந்து பிரச்சினையையே திரும்பத் திரும்பக் கிளறினால் நட்பும் நெருக்கமாக இருந்தது, மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக இருந்தன. அந்த நெருக்கம் இனிப்பதால் ஆபத்து தெரிவதில்லை. போன மாதம் சொன்னதற்கும் இன்று சொல்வதற்கும் ஒரு வரியாவது மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறவில்லை என்றால் ஒரு மனநல ஆலோசகரிடம் போகும் நேரம் வந்துவிட்டது.

கடைசியாக, "கோடிபென்டன்ட்" என்ற பட்டத்தைப் பற்றி. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டுக் கையேட்டில் இது ஒரு நோயாக இல்லை. 1986-ல் டிம்மன் செர்மாக் என்ற மருத்துவர் சேர்க்கச் சொன்னார், சேர்க்கவில்லை. ஒரு பழக்கத்தை அடையாளம் காண உதவினால் சரி, அதற்கு மேல் இந்தச் சொல்லுக்கு மரியாதை வேண்டாம். குறிப்பாக, அடி உதைக்குப் பயந்து அடங்கிப் போகிறவரை இப்படி அழைப்பது தப்பு. அது உயிர் பிழைக்கும் வழி. அப்படிப்பட்ட வீட்டில் இருப்பவர், எழுதிய நோட்டோ போனில் உள்ள செய்தியோ அந்த நபர் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்பதை முதலில் யோசிக்க வேண்டும். எங்கே தங்குவது, யார் அழைத்துப் போவார், பணமும் அடையாள அட்டைகளும் எங்கே இருக்கின்றன என்று குடும்ப வன்முறை உதவி மையத்தில் பேசி முடிவு செய்தபின் கதையைச் சொல்லிக்கொள்ளலாம்.