ஊர்க் கண்மாயில் தொடங்குங்கள்: மரமும் பறவையும் பாம்பும் அறிய ஒரு செய்முறை

தேற்றா மரத்தின் கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்துவிட்டுக் கலங்கல் நீரை ஊற்றினால், மண் அடியில் படிந்து நீர் தெளியும். நம் கிராமங்கள் நெடுங்காலமாக அறிந்த முறை இது. தேற்றாவுக்கு மிக நெருங்கிய சொந்தம் எட்டி மரம். அதன் கொட்டை ஆளையே கொல்லும். தேற்றாங்கொட்டை சிறிய உருண்டை. எட்டிக்கொட்டை பொத்தானைப் போலத் தட்டையானது. இந்த வேறுபாடு தெரிந்தவருக்குத்தான் அந்தத் தண்ணீர் முறை பயன்படும்.

அதனால்தான் இயற்கையை அறிவதையும் வெளியிடங்களில் உயிரைக் காத்துக்கொள்வதையும் தனித்தனிப் பாடங்களாக நான் சொல்லித் தருவதில்லை. கத்தியும் கயிறும் கூடாரமும் பிறகு வாங்கிக்கொள்ளலாம். முதலில் உங்கள் ஊர் மண்ணில் என்ன நிற்கிறது, என்ன ஊர்கிறது, எது கத்துகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மதுரை, சிவகங்கைப் பக்கத்துச் சமவெளியை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். மற்ற மாவட்டத்தவர்கள் தங்கள் நிலத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் படி: ஒரே இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஓர் இடம் போதும். கண்மாய்க் கரை கிடைத்தால் மிக நல்லது; நீர், வயல், புதர், பெரிய மரம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். நகரத்தில் இருப்பவர்களுக்குப் பூங்கா, கோயில் நந்தவனம், பழைய கல்லூரி வளாகம். வாரம் ஒரு முறை, காலை ஆறு மணிக்குக் கிளம்பி எட்டு மணிக்குள் திரும்பிவிடுங்கள். வாரம் ஒரு புதிய இடத்துக்குப் போகிறவரைவிட, ஒரே கரைக்கு ஆண்டு முழுவதும் போகிறவர்தான் விரைவில் கற்கிறார். மாற்றம் அவர் கண்ணில்தான் படும்.

எடுத்துச் செல்ல வேண்டியவை: கோடு போடாத நோட்டு, பென்சில், தண்ணீர், தொப்பி, ஒரு கம்பு, சிறிய டார்ச். முழுக்கால் சட்டையும் மூடிய காலணியும் கட்டாயம். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். நோட்டில் தேதி, நேரம், வானிலை, பார்த்தவை ஆகியவற்றை எழுதி, ஒன்றையாவது வரையுங்கள். படம் அழகாக வரவேண்டியதில்லை. வரைவதற்காக உற்றுப் பார்க்கிறீர்கள் அல்லவா, அதற்காகத்தான்.

இரண்டாம் படி: மரங்கள்

ஓடாது, பறக்காது, ஆண்டு முழுவதும் அதே இடத்தில் நிற்கும் என்பதால் மரத்தில் தொடங்குவதே எளிது. முதலில் பத்து மரங்கள்: வேம்பு, புங்கை, பூவரசு, அரசு, ஆல், புளி, பனை, மருதம், கருவேலம், சீமைக் கருவேலம்.

கையில் இருப்பது இலையா, இலையின் ஒரு பகுதியா என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. வேப்பங்கொத்தில் ஒரு சிறிய இலையை எடுத்து, அது காம்போடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே மொட்டு இருக்காது. கொத்தின் அடிக்குப் போய், அது கிளையில் ஒட்டியிருக்கும் இடத்தைப் பாருங்கள். அந்தக் கக்கத்தில் ஒரு சிறு மொட்டு இருக்கும். மொட்டு இருக்கும் இடத்தில்தான் இலை தொடங்குகிறது. அப்படியானால் நாம் வேப்பங்கொத்து என்று சொல்வதே ஒரு முழு இலை. அதில் இருப்பவை சிற்றிலைகள். பூவரசிலும் அரசிலும் ஒற்றை இலையின் அடியிலேயே மொட்டைக் காணலாம். இந்த ஒரு சோதனை கைவந்துவிட்டால் மரங்களில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பூவரசுக்கும் அரசுக்கும் இலை இதய வடிவம்தான். அரச இலையின் நுனி வால் போல நீண்டு தொங்கும், பூவரசுக்கு அந்த வால் இல்லை. பூவரசின் மஞ்சள் பூ வாடும்போது செம்மை ஏறும். ஒரே மரத்தில் இரண்டு நிறத்தையும் பார்க்கலாம்.

கருவேலமும் சீமைக் கருவேலமும்தான் எல்லோரையும் தடுமாற வைக்கும் ஜோடி. இரண்டும் முள், இரண்டும் பொடி இலை, இரண்டும் கண்மாயில் நிற்பவை. பூவைப் பாருங்கள். கருவேலம்பூ பொன் மஞ்சளில் சிறிய பஞ்சு உருண்டை. சீமைக் கருவேலம்பூ வெளிறிய மஞ்சளில் விரல் நீளத்துக்குத் தொங்கும் கதிர். அடுத்து காய். கருவேலங்காய் ஒவ்வொரு விதைக்கும் இடையில் ஆழமாக இறுகி, மணிமணியாக, சாம்பல் பூத்து இருக்கும். சீமைக் கருவேலங்காய் அப்படி இறுகாமல், பழுத்ததும் மஞ்சளாகும். ஆடு மாடுகள் அதை விரும்பித் தின்கின்றன. விதைகள் சாணத்திலும் புழுக்கையிலும் ஊரெங்கும் பரவுகின்றன. இந்தச் சீமை மரம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் இங்கே கொண்டுவரப்பட்டது. இரண்டையும் பிரித்தறிவது வெறும் தேர்வு மதிப்பெண்ணுக்கான அறிவு அல்ல. கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுகின்றன. முள்மரம் அகற்றும் வேலை ஊரில் நடக்கும்போது, எதை வெட்டலாம், எதை விடவேண்டும் என்று சொல்ல ஒருவராவது அங்கே நிற்க வேண்டும்.

மூன்றாம் படி: பறவைகள்

பைனாகுலர் இல்லாமலேயே தொடங்கலாம். அளவு, அலகு, வால், நடை, குரல் ஆகிய ஐந்தையும் கவனியுங்கள். நிறத்தைக் கடைசியில் வையுங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புத்தான்.

தொடக்கக்காரர்களுக்கு ஏற்ற பறவை மடையான். பலர் குருட்டுக்கொக்கு என்பார்கள். வரப்பில் மண் நிறத்தில் கூனிக்கொண்டு அசையாமல் நிற்கும். நீங்கள் கிட்டே போனதும் எழும். அந்த நொடியில் இறக்கை முழுவதும் பளிச்சென்று வெள்ளை. மீண்டும் இறங்கி இறக்கையை மடித்ததும் வெள்ளை மறைந்துவிடும். உட்கார்ந்திருக்கும்போதும் பறக்கும்போதும் தனித்தனியாக வரைந்து பாருங்கள். நீர் ஓரத்தில் நத்தைகுத்தி நாரை நின்றால் அலகைக் கவனியுங்கள். மேலலகும் கீழலகும் நடுவில் ஒட்டாமல் இடைவெளி தெரியும்.

குரல்களில் முதலில் எச்சரிக்கைக் குரல்களைக் கற்றுக்கொள்ளுங்கள். ஆள்காட்டிக் குருவி வெட்டவெளியில் ஓயாமல் கத்தினால் அதன் முட்டையோ குஞ்சோ பக்கத்துத் தரையில் இருக்கக்கூடும். அந்தத் திசையில் கால் வைக்காதீர்கள். தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒரே புதரைச் சுற்றி நின்று இரைந்தாலோ, அணில் ஒரே இடத்தைப் பார்த்து விடாமல் கத்தினாலோ, அங்கே பாம்பு, பூனை, வல்லூறு என ஏதோ இருக்கிறது. நின்று பார்த்து, விலகி நடங்கள்.

செல்பேசியில் மெர்லின், ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகள் உதவும். ஆனால் முதலில் நோட்டில் உங்கள் ஊகத்தை எழுதிவிட்டுப் பிறகு செயலியைத் திறவுங்கள். ஜனவரியில் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் புதியவர்களும் சேரலாம். சிவகங்கை மாவட்டத்தில் இருப்பவர்கள் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்களுக்கு ஒரு முறை போய்வாருங்கள். பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கே வெடி வெடிக்காத மக்கள் அங்கே வாழ்கிறார்கள்.

நான்காம் படி: பாம்புகள்

இதைத் தள்ளிப்போடாதீர்கள். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். பெரும்பாலானோர் கிராமத்தவர்கள்.

நான்கு பெயர்கள் மனப்பாடம் ஆகட்டும்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். கண்ணாடி விரியன் தடித்த உடலில் சங்கிலி வரிசையாகக் கருமை சூழ்ந்த வட்டங்களோடு இருக்கும், சத்தமாகச் சீறும். சுருட்டை சிறியது, உடலைச் சுருட்டிச் செதில்களை உரசி அரம் தேய்ப்பது போல ஒலி எழுப்பும். கட்டுவிரியன் பளபளக்கும் கருமையில் மெல்லிய வெள்ளைப் பட்டைகளுடன் இருக்கும். பட்டைகள் வால் பக்கம் தெளிவாகவும் தலைப் பக்கம் மங்கியும் தெரியும். நஞ்சில்லாத வெள்ளிக்கோல் வரையனில் இது தலைகீழ்: கழுத்துப் பக்கம் தெளிவு, வால் பக்கம் மங்கல். இதைப் படத்தில் பழகிக்கொள்ளுங்கள். நேரில் பார்க்கும்போது எந்தப் பாம்பானாலும் தள்ளி நில்லுங்கள்.

கட்டுவிரியன் இரவில் நடமாடும். தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். பல நேரங்களில் வலியோ வீக்கமோ இருக்காது. விடியும்போது வயிற்றுவலி, கண் இமை தொங்குதல், பேச்சுக் குழறல் என்று தொடங்கினால் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். கட்டிலில் படுப்பதும், கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகுவதும், இரவில் டார்ச் இல்லாமல் நடக்காமல் இருப்பதும் பல கடிகளைத் தவிர்க்கும்.

கடித்துவிட்டால்:

1. பாம்பை விட்டு விலகி, கடிபட்டவரை உட்காரவோ படுக்கவோ வையுங்கள். நடக்கவிடாதீர்கள்.
2. மோதிரம், வளையல், கொலுசு, கடிகாரத்தைக் கழற்றுங்கள், வீங்கினால் இறுக்கும்.
3. கடிபட்ட கை காலை எலும்பு முறிவுக்குச் செய்வது போலக் கட்டை வைத்து, இறுக்காமல் கட்டி அசையாமல் வையுங்கள்.
4. 108ஐ அழையுங்கள். நஞ்சுமுறி மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கீறக்கூடாது, வாயால் உறிஞ்சக்கூடாது, கயிறால் இறுக்கிக் கட்டக்கூடாது, பச்சிலைக்கு நேரம் செலவழிக்கக்கூடாது. பாம்பை அடித்துக் கொண்டுபோகவும் தேவையில்லை. இந்த நான்கின் நஞ்சுக்கும் ஒரே மருந்துதான். அதற்கான நஞ்சைச் சேகரித்துத் தருவதில் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது பாம்பறிவுக்குக் கிடைத்த மரியாதை.

ஐந்தாம் படி: வாயில் வைக்கக்கூடாதவை

கொஞ்சம் தின்று பார்த்துக் காத்திருக்கும் சோதனையை வெளிநாட்டுக் காணொளிகள் சொல்லித் தரும். அதைச் செய்யவே செய்யாதீர்கள். குன்றிமணி, அரளி, மஞ்சள் அரளி, ஊமத்தை, எட்டி, ஒடுவந்தழை, ஆமணக்கு விதை, காட்டாமணக்கு விதை, செங்காந்தள் கிழங்கு ஆகிய எல்லாம் சாலையோரத்திலும் வேலியிலும் கிடைக்கும் நஞ்சுகள். காட்டாமணக்குக் கொட்டையைத் தின்று குழந்தைகள் வாந்தி பேதியோடு மருத்துவமனைக்கு வருவது நம் மாவட்டங்களில் வழக்கமாகிவிட்டது. குழந்தைகளுக்குச் சொல்லித் தரும் முதல் செடிகள் இவையாக இருக்கட்டும்.

நாவல், இலந்தை, களா, ஈச்சம்பழம், கொடுக்காப்புளி ஆகியவற்றை ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரோடு போய், அவர் கையால் பறித்துக் காட்டக் கற்றுக்கொள்ளுங்கள். அவரைவிட நல்ல ஆசிரியர் இந்தப் பாடத்துக்குக் கிடையாது. கண்ணி வைத்து முயலோ உடும்போ பிடிப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

தண்ணீரைத் துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதிக்க வைத்த பின்னரே குடியுங்கள். தேற்றாங்கொட்டை நீரைத் தெளியவைக்கும். கிருமிகளுக்கு அதை நம்ப வேண்டாம்.

ஆறாம் படி: வெயில், இடி, திசை

வெயிலில் தலைசுற்றினால் நிழல், தண்ணீர், ஓய்வு. உப்புச் சர்க்கரைக் கரைசலின் அளவு: ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. ஒருவர் உளறத் தொடங்கினால் அது வெப்பத்தாக்கு. உடலை நீரால் நனைத்து விசிறிக்கொண்டே 108ஐ அழையுங்கள்.

மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் வெளியே வராதீர்கள். வெட்டவெளியில் தனித்து நிற்கும் பனை, புளி மரங்களின் அடியில் ஒதுங்கக்கூடாது.

திசை அறிய, சமதரையில் ஒரு மீட்டர் குச்சியை நட்டு, நிழலின் நுனியில் ஒரு கல் வையுங்கள். இருபது நிமிடம் கழித்து நுனியில் இன்னொரு கல். முதல் கல் மேற்கு, இரண்டாவது கிழக்கு. நண்பகல் நிழல் வடக்கைக் காட்டும் என்று குளிர்நாடுகளில் எழுதப்பட்ட நூல்களில் இருக்கும். அது இங்கே கோடையில் பொருந்தாது. மதுரைப் பக்கம் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை நண்பகலில் சூரியன் நம் உச்சிக்கு வடக்கே போய்விடும்; நிழல் தெற்கே விழும். துருவ நட்சத்திரமும் இங்கே அடிவானத்திலிருந்து சுமார் 10 பாகை உயரத்தில்தான் இருக்கும், மரங்கள் மறைத்துவிடும். ஓரியன் மண்டலத்தின் நடுவில் வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களைப் பழகுங்கள். அவை கிட்டத்தட்ட நேர் கிழக்கில் உதித்து நேர் மேற்கில் மறைபவை.

ஏழாம் படி: காட்டுக்குள்

ஓர் ஆண்டு கண்மாய்ப் பழக்கத்துக்குப் பிறகு மலைக்குப் போகலாம். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக்கூடாது. ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 2024 அக்டோபர் முதல் 40 பாதைகள் திறக்கப்பட்டுள்ளன. உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகளாக வருகிறார்கள். கோடையில் காட்டுத்தீ அபாயத்துக்காகப் பாதைகளை மூடினால் அதை மதியுங்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் தீயில் சிக்கி இறந்தவர்கள் 20க்கும் மேற்பட்டோர். காய்ந்த புல் நிற்கும் சரிவில் தீ மேல்நோக்கி மிக வேகமாக ஏறும். புகை தெரிந்தால் மேட்டை நோக்கி ஓடாமல், பக்கவாட்டில் விலகி, புல் இல்லாத பாறைப்பரப்புக்கோ ஏற்கெனவே எரிந்து ஆறிய தரைக்கோ போங்கள். எளிதில் உருகும் பாலியஸ்டர் உடையைத் தவிர்த்துப் பருத்தி உடுத்துங்கள்.

ஈரம் காயாத யானைச் சாணமோ, கிளை முறியும் சத்தமோ இருந்தால் படம் எடுக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, வழிகாட்டியின் பின்னால் வந்த வழியே சத்தமில்லாமல் திரும்புங்கள். அந்த இடத்தில் அவர் சொல்வதே முடிவு.