முளையிலேயே தெரிந்துவிடுமா? வளரும் வீரர்கள் விடயத்தில் நாம் விடும் பிழைகள்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று சொல்லிச் சொல்லியே எத்தனையோ பயிர்களைப் பிடுங்கி எறிந்திருக்கிறோம். சொன்னவர் வயல் செய்தவர்தானா என்பது எனக்குச் சந்தேகம். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் நெல் செய்யும் எவரையும் கேட்டுப் பாருங்கள். மூன்று மாத நெல்லையும் நாலு மாத நெல்லையும் ஒரே நாளில் விதைத்தால், மூன்று மாத நெல்தான் முதலில் குடலைக்கு வரும். அதற்காக மற்றதை யாரும் உழுதுவிடுவதில்லை. பிள்ளைகள் விடயத்தில் மட்டும் உழுதுவிடுகிறோம்.

கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு கிராமத்து விளையாட்டுக் கழகத்தில் மாலை வேளைகளில் உதைபந்தும் கபடியும் பழக்குகிறேன். என் மைத்துனரின் மகன் இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் ஒரு றக்பி லீக் கழகத்தின் இளையோர் அணியில் இருக்கிறான். கொழும்பிலும் கண்டியிலும் பாடசாலைகள் ஆடும் 15 பேர் றக்பி வேறு, இது வேறு. அணிக்கு 13 பேர். ஆறு தடவை மடக்கிப் பிடிக்கப்பட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஓடி வருபவனைப் பிடித்து வீழ்த்துவதுதான் ஆட்டத்தின் உயிர் என்பதால், நம் ஊர் ஆட்டங்களில் அதற்குக் கிட்டவாக நிற்பது கபடிதான். அவனுடைய அப்பாவும் நானும் தொலைபேசியில் ஒப்பிட்டுப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது: ஆட்டம் வேறானாலும், ஆர்வமுள்ள பெரியவர்கள் விடும் பிழைகள் பெரும்பாலும் ஒன்றுதான்.

முதற்பிழை உடம்பைப் பார்த்துத் தெரிவு செய்வது. 14 வயதுக்கு உட்பட்டோர் அணி என்றால் நம் கண் முதலில் மீசை அரும்பியவனிடம் போகும். ஜனவரி 2இல் பிறந்தவனும் டிசம்பர் 28இல் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஆடுகிறார்கள். இருவருக்கும் இடையில் கிட்டத்தட்ட ஒரு வருட வளர்ச்சி இருக்கிறது. இங்கிலாந்தில் பாடசாலைக் கணக்குப்படி செப்டெம்பரில் ஆண்டு தொடங்குவதால், இளையோர் அணிகளில் செப்டெம்பர், ஒக்டோபர், நவம்பர் பிள்ளைகள் அளவுக்கு மீறி நிறைந்திருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பிறந்த மாதத்தைத் திறமை என்று எண்ணிவிடுகிறோம். அதற்கு மேல் பருவ வளர்ச்சி என்று ஒன்று இருக்கிறது. பையன்களுக்குச் சராசரியாக 14 வயதளவில் உயரம் மளமளவென்று ஏறும். ஒருவனுக்கு அது 12இல் வரலாம், இன்னொருவனுக்கு 16இல்.

லீட்ஸ் றக்பி லீக் கழகத்துக்கு ஆடிய ரொப் பரோவின் உயரம் 1.65 மீற்றராக இருந்தது. மலை மலையான ஆட்களுக்கு நடுவே 2001 முதல் 2017 வரை அதே கழகத்துக்கு 490க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடி, எட்டுத் தடவை சம்பியன் அணியில் இருந்தார். 2007, 2011 இறுதியாட்டங்களில் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. 14 வயதில் அவர் என் மைதானத்துக்கு வந்திருந்தால், “தம்பி, நீ பந்து பொறுக்கிப் போடு” என்று சொல்லியிருப்பேன். உண்மையில் ஒருவனிடம் அப்படிச் சொன்னேன். அவன் கோபிக்கவில்லை, அடுத்த வாரம் முதல் வரவில்லை, அவ்வளவுதான்.

இப்போது கழகக் கொட்டிலின் கதவு நிலையில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பிள்ளைகளின் உயரத்துக்குப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் திகதி எழுதுகிறேன். யார் இன்னும் வளரத் தொடங்கவில்லை என்பது அதில் தெரியும். சில நாட்களில் வயதை விட்டுவிட்டு, வளர்ச்சியில் ஒத்தவர்களை ஒன்றாக ஆடவிடுகிறேன். முந்தி வளர்ந்தவனுக்கும் அது நல்லது. தோளால் இடித்தே வென்று பழகியவன், 17 வயதில் மற்றவர்கள் எட்டிப் பிடிக்கும்போது கையில் வேறு வித்தை இல்லாமல் நிற்பான்.

அந்தக் கோடு இன்னொன்றையும் சொல்லும். திடீரென்று ஏறியிருந்தால், முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து நோகும் காலம் அது. சிலருக்குக் குதிக்காலில் நோகும். முழங்காலில் தொடைத் தசையும் குதிக்காலில் கெண்டைத் தசையும் இழுக்க, இன்னும் முற்றாத எலும்பின் வளரும் பகுதி தாங்காமல் நோகிறது. சித்தாலேப தடவி, பனடோல் கொடுத்து, “ஓட ஓடச் சரிவரும்” என்பதுதான் நம் மருத்துவம். ஓட ஓடச் சரிவராது. குறைத்தால்தான் சரிவரும். ஆனால் யார் குறைப்பது? நன்றாக ஆடும் பையனை வகுப்பு ஆசிரியர் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குக் கேட்பார், உடற்கல்வி ஆசிரியர் வலயப் போட்டிக்குக் கேட்பார், நான் கழகத்துக்குக் கேட்பேன், கோயில் திருவிழாச் சுற்றுப்போட்டிக்குப் பக்கத்து ஊர் அண்ணன்மார் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போவார்கள். நால்வரும் தனித்தனியே நியாயமானவர்கள்தான். நாலையும் தாங்குவது ஒரே முழங்கால். பாடசாலைக்கும் மைதானத்துக்கும் மிதிக்கும் சைக்கிளையும், அப்பாவோடு வரம்பு கட்டிய நாளையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். நான் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். அந்த வாரம் வேறு எங்கெல்லாம் ஆடினான் என்று பையனிடமே கேட்டு எழுதுகிறேன்.

தலையில் அடிபட்டால் முகத்தில் தண்ணீர் தெளித்துத் திரும்ப இறக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். இதில் எனக்குச் சமரசம் இல்லை. மயங்கி விழுந்தால்தான் மூளை அதிர்ந்தது என்பதில்லை. தடுமாறுவது, கேட்டதையே திரும்பக் கேட்பது, வெளிச்சம் கூசுவது எல்லாம் அதுவே. அன்றைக்கு அவன் ஆட்டம் முடிந்தது. வாந்தி வந்தாலோ, தலையிடி கூடிக்கொண்டே போனாலோ, எழுப்பக் கடினமாகத் தூங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி. பிரித்தானியாவில் 2023இல் வந்த வழிகாட்டலின்படி, அடிமட்ட விளையாட்டுகளில் அப்படி அடிபட்டவர் குறைந்தது 21 நாட்களுக்குப் போட்டிக்குத் திரும்ப முடியாது. இறுதியாட்டம் நாளைக்கென்றாலும் அந்தக் கணக்கு மாறாது.

மடக்கிப் பிடிக்கப் பழக்கும்போது, விழப் பழக்க முன்னரே பிடிக்கப் பழக்குவது இன்னொரு பிழை. முதலில் முழந்தாளிட்ட நிலையில், பிறகு நடந்து, அதன் பிறகே ஓடி. தலை எப்போதும் ஓடுபவனின் பின்பக்கமாகப் போக வேண்டும். காலுக்கு முன்னே போனால் முழங்கால் நேரே நெற்றியில் இடிக்கும். கச்சான் காற்று அடிக்கும் ஆவணியில் நம் மைதானம் கல்லாகக் கிடக்கும், அங்கே இதைத் தொடங்காதீர்கள். முல்லைத்தீவுக்காரருக்குக் கடற்கரை மணல் இருக்கிறது. எங்களுக்கு முதல் மழைக்குப் பிந்திய இரண்டு வாரம்.

பாடசாலை விட்டதும் இரண்டு மணி வெயிலில் ஓட விடுவதும், தண்ணீர் குடித்தால் வயிறு கொளுவும் என்று போத்தலை மறைப்பதும் இன்னும் நடக்கின்றன. பட்டணத்து உடற்பயிற்சிக் கூடங்களில் விற்கும் புரத மாவு டப்பாவுக்குக் கொடுக்கும் காசில் ஒரு மாதத்துக்கு முட்டை வாங்கலாம். குளத்து மீன், கௌபி, உழுந்து, எருமைத் தயிர் எல்லாம் ஊரிலேயே இருக்கின்றன.

பெண் பிள்ளைகள் விடயத்தில் பிழை வேறு விதமானது. சாமத்தியப்பட்டதும் அவர்களை மைதானத்திலிருந்து எடுத்துவிடுகிறோம். இல்லையென்றால், மெதுவானவுடன் “அவ்வளவுதான் அவளுடைய திறமை” என்கிறோம். பன்னிரண்டு வயதளவில் உடம்பு மாறும்போது ஓட்டம் சிறிது காலம் தடுமாறும். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்நோக்கி மடியாமல் இறங்கக் கற்றுக்கொடுப்பதே அந்த வயதில் செய்ய வேண்டியது. பெண்களுக்கு முழங்கால் நார் அறுவது ஆண்களைவிட அதிகம்.

பதாகை பற்றியும் சொல்ல வேண்டும். மாவட்டத்தில் ஒரு தங்கம் வென்ற 13 வயதுப் பையனின் படத்தை ஏ9 வீதியோரம் ஆளுயரத்தில் கட்டுகிறோம். கனடாவிலிருந்து சித்தப்பா இரண்டு அளவு பெரிய சப்பாத்து அனுப்புகிறார், கால் வளரும்தானே என்று. அந்தப் பையன் அடுத்த வருடம் தோற்றால் எந்த வீதியால் பாடசாலை போவான் என்று யாரும் யோசிப்பதில்லை. சாதாரண தரப் பரீட்சையை இரண்டாம் தரமாக்கி, “விளையாட்டால் வேலை கிடைக்கும்” என்று சொல்பவர்களுக்கும் இதையே கேட்பேன்: கிடைக்காதவர்களின் பெயர்கள் உங்களுக்கு நினைவிருக்கிறதா? இங்கிலாந்தில் பெரிய றக்பி லீக் கழகங்களின் 18 வயதுக்கு உட்பட்டோர் அணி வரை வந்தவர்களிலேயே பெரும்பாலோர் அதைத் தொழிலாக்குவதில்லை. மைத்துனரின் மகன் தச்சு வேலையும் படிக்கிறான்.

கடைசியாக மழை. கார்த்திகை, மார்கழியில் எங்கள் மைதானத்தில் தண்ணீர் நிற்கும். முன்பெல்லாம் அது வீணாகும் காலம் என்று பட்டு, பிள்ளைகளைப் பாடசாலை மண்டபத்துச் சீமெந்துத் தரையில் குதிக்க விட்டேன். தை மாதம் மூன்று பேர் நொண்டிக்கொண்டு வந்தார்கள். இப்போது அந்த இரண்டு மாதமும் விசில் வீட்டு ஆணியில் தொங்குகிறது. கோல் கம்பத்துக்கருகே முழங்காலளவு தண்ணீரில் பிள்ளைகள் தூண்டில் போடுகிறார்கள். போன வருடம் பெரிய விரால் பிடித்தவன், கதவு நிலையில் ஆகக் கீழே கோடு உள்ளவன்.