ஆனிக் காற்றுக்குத் தாங்கும் எடைகுறைந்த தார்ப்பாய்: வெட்டும் முறையும் தைக்கும் முறையும்

ஆனி பிறந்துவிட்டால் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் மேற்கிலிருந்து இறங்கும் காற்று, ஆவணி முடியும்வரை நெல்லைச் சீமையில் ஓய்வதில்லை. பணகுடியிலும் வள்ளியூரிலும் இராதாபுரத்திலும் காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்பதற்கும், கயத்தாற்றில் காற்றாலைச் சோதனை நிலையம் அமைந்ததற்கும் இந்தக் காற்றே காரணம். மலையடிவாரத்துத் தோப்பு ஒன்றில், இரு மரங்களுக்கு இடையே தொங்குபடுக்கை கட்டி, அதன்மேல் முதுகில் சுமந்து சென்ற துணியைக் கூரையாகக் கட்டி இரவு தங்க விரும்புகிறவர் முதலில் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியது மழையை அன்று, இந்தக் காற்றைத்தான். மழையைத் தடுப்பதற்கு எந்த நெகிழித் தாளும் போதும். ஆனால் இரவெல்லாம் படபடக்காமல், முளையைப் பிடுங்காமல், தையலைக் கிழிக்காமல் நிற்பதற்குத் துணியின் வெட்டு சரியாக இருக்க வேண்டும்.

வன்பொருள் கடையில் கிடைக்கும் நீலத் தார்ப்பாயை எடுத்துக்கொள்வோம். அதைச் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கில், ஜிஎஸ்எம் என்று சொல்லி விற்கிறார்கள். 120 ஜிஎஸ்எம் தாளில் 12 அடிக்கு 10 அடி எடுத்தால், ஏறத்தாழ 11 சதுர மீட்டருக்கு 1,300 கிராமுக்கு மேல் எடை வரும். இங்கே சொல்லப்போகும் தார்ப்பாய் கயிறுகளையும் சேர்த்து 400 கிராமுக்குள் அடங்கும். மடித்துத் திணித்தால் ஒரு சிறிய தேங்காய் அளவுக்குச் சுருங்கும். இந்த வேறுபாட்டில் ஒரு பகுதி மெல்லிய துணியால் வருகிறது, மற்றொரு பகுதி தேவையற்ற துணியை வெட்டி நீக்குவதால் வருகிறது. இரண்டாவதைப் பற்றியே நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் புதிதாகச் செய்கிறவர்கள் முழுக் கவனத்தையும் துணியின் மீதே செலவிடுகிறார்கள்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதலில் தைத்த தார்ப்பாய்க்கு நல்ல துணியை வரவழைத்து, நான்கு ஓரங்களையும் அளவுகோல் வைத்ததுபோல் நேராக வெட்டி, திருக்குறுங்குடிக்கு மேற்கே ஒரு மாந்தோப்பில் ஆடி மாதத்து இரவில் கட்டினேன். மூலைகளை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் ஓரங்களின் நடுப்பகுதி தொளதொளவென்றே இருந்தது. அதில் காற்று புகுந்து அடித்த அடியில் விடிவதற்குள் ஒரு மூலையின் வளையம் மடிப்புத் தையலோடு பிய்ந்து வந்துவிட்டது. துணி எங்கும் கிழியவில்லை. நேரான ஓரமும், ஒட்டுத்துணி வைக்காமல் தைத்த வளையமுமே அன்று தோற்றன.

துணியைத் தேர்ந்தெடுப்பது அவ்வளவு கடினமன்று. 20 டெனியர் இழையில் நெய்து இருபுறமும் சிலிக்கோன் ஏற்றிய பாலியெஸ்டர் ரிப்ஸ்டாப் துணி (கிழிசல் பரவாதபடி கட்டம் கட்டமாக நெய்தது), சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 40 கிராம் எடையில் கிடைக்கிறது. 9,000 மீட்டர் நீள இழையின் எடை எத்தனை கிராமோ அதுவே டெனியர். இதே எடையில் நைலான் துணியும் உண்டு. அது இழுவைக்கு இன்னும் வலுவானது. ஆனால் நைலான் ஈரத்தை உறிஞ்சி நீளும் இயல்புடையதால், மாலையில் முரசுத்தோல்போல் கட்டிய கூரை நள்ளிரவுச் சாரலில் தொய்ந்துவிடும், எழுந்து மறுபடியும் இழுத்துக் கட்ட வேண்டியிருக்கும். இரவு முழுவதும் நசநசவென்று தூறும் குற்றாலச் சாரலுக்குப் பாலியெஸ்டரே ஏற்றது என்பது என் முடிவு. டைனீமா என்ற மிக வலுவான இழையைக் கொண்ட, சதுர மீட்டருக்கு 20 கிராமுக்கும் குறைவான கூட்டுத் துணி நீளவே நீளாது. ஆனால் அதன் விலை பல மடங்கு, அதைத் தைப்பதைவிட நாடா வைத்து ஒட்டுவதே முறை, ஆகையால் முதல் முயற்சிக்கு அது வேண்டாம். கைப்பழக்கத்துக்காக மட்டும் ஒன்று செய்து பார்க்க விரும்புகிறவர் குடைத்துணியிலேயே தொடங்கலாம். எடை கூடும், கற்றுக்கொள்வது ஒன்றேதான்.

அளவைத் தொங்குபடுக்கையிலிருந்து கணக்கிட வேண்டும். 11 அடி, அதாவது 3.35 மீட்டர் நீளமுள்ள படுக்கைத் துணியைக் கட்டும்போது, அதன் இரு முனைகளுக்கும் இடையிலான தூரம் துணி நீளத்தில் 83 விழுக்காடாக இருந்தால் சற்றுக் குறுக்காகப் படுத்து உடலைச் சமமாக நீட்ட முடியும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. அப்படிப் பார்த்தால் அந்தத் தூரம் 2.78 மீட்டர். அதற்கு இரு பக்கமும் ஒரு சாண் கூடுதலாக நீட்டிக்கொண்டிருக்கக் கூரையின் முகட்டுக்கு 3.3 மீட்டர் போதும். முகட்டிலிருந்து தாழ்வாரம்வரை ஒவ்வொரு பக்கமும் 1.5 மீட்டர், துணியின் அகலமும் பெரும்பாலும் அவ்வளவே இருப்பதால் இடையில் ஒட்டு வராது. தாழ்வார ஓரத்தை 2.1 மீட்டராகக் குறைத்து, முனைகளைச் சாய்வாக வெட்டினால், விரித்த நிலையில் அறுகோணமாக இருக்கும். சாரல் பக்கவாட்டில் அடிக்கும் இடங்களில் இந்த அறுகோணம் போதாது என்று கருதுகிறவர்கள் முனைகளைச் சாய்க்காமல் செவ்வகமாகவே விட்டு, அந்த மூலைகளைக் கதவுபோல் உள்ளே மடித்துக் கட்டலாம். அதற்கு 80 கிராம் அளவுக்கு எடை கூடும்.

கூரையின் இரு பக்கங்களுக்கும் பக்கத்துக்கு ஒன்றாக வெட்டும் துணிகளே பலகங்கள். இரண்டு பலகங்களையும் தலைமாற்றி அடுத்தடுத்து வைத்தால், ஒன்றின் சாய்ந்த முனை மற்றதன் சாய்ந்த முனையோடு பொருந்தி 6 மீட்டர் துணியில் இரண்டும் அடங்கிவிடும். மடிப்புக்கும் பிழைக்கும் சேர்த்து ஆறரை மீட்டர் வாங்க வேண்டும். இரு கோடியிலும் மிஞ்சும் முக்கோணத் துண்டுகளை எறிந்துவிடக் கூடாது. மூலை ஒட்டுகளும் உறைப்பையும் அவற்றிலிருந்தே வரும்.

இனி வளைவு. ஒரு சங்கிலியை இரு ஆணிகளுக்கு இடையே தொங்கவிட்டால் அது தன் எடையாலேயே ஒரு வளைவை எடுத்துக்கொள்ளும். அந்த வளைவின் உண்மையான வடிவத்தை 1691-இல் ஹைகன்ஸ், லைப்னிட்ஸ், யோகான் பெர்னூலி ஆகிய மூவரும் கண்டறிந்தார்கள். சங்கிலியின் எந்தக் கண்ணியிலும் இழுவை வளைவின் போக்கிலேயே ஓடுகிறது என்பதே அதன் சிறப்பு. துணியின் ஓரத்தை அந்த வளைவில் உள்நோக்கிக் குழித்து வெட்டினால், இரு மூலைகளைப் பிடித்து இழுக்கும் விசை ஓரம் முழுவதும் சீராகப் பரவி, துணியின் நடுப்பகுதியையும் சேர்த்து இழுக்கிறது. நேராக வெட்டிய ஓரத்திலோ இழுவை முழுவதும் மூலைக்கு மூலை ஒரே கோட்டில் நின்றுவிடுகிறது, அதற்கு உள்ளே இருக்கும் துணியை எதுவும் இழுப்பதில்லை. காற்றின் விசை அதன் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடுவதால், வேகம் இரு மடங்கானால் அந்தத் தொய்வின் மேல் விழும் அடி நான்கு மடங்காகிறது.

சங்கிலியைச் சுவரில் தொங்கவிட்டு அட்டையில் வரைந்துகொள்வது பழைய வழி, நல்ல வழி. ஆனால் நமக்கு வேண்டிய குழிவு மிகவும் ஆழம் குறைந்தது என்பதால் சங்கிலி வளைவுக்கும் பரவளைவுக்கும் உள்ள வேறுபாடு சாக்குக்கட்டிக் கோட்டின் தடிமனுக்குள் மறைந்துவிடும், ஆகையால் கணக்கிலேயே முடித்துவிடலாம். ஓரத்தைப் பத்துச் சம பாகங்களாகப் பிரித்து, நடுவில் வேண்டிய ஆழத்தை முறையே 0.36, 0.64, 0.84, 0.96, 1 ஆகியவற்றால் பெருக்கினால் மூலையிலிருந்து நடுவரை உள்ள ஐந்து புள்ளிகளின் ஆழம் கிடைக்கும். மறுபாதி அதன் கண்ணாடி வடிவம். முகட்டுக்கு நடு ஆழம் 6 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் புள்ளிகள் 2.2, 3.8, 5.0, 5.8, 6.0 என வரும். தாழ்வாரத்துக்கு 7 சென்டிமீட்டரும், ஏறத்தாழ 160 சென்டிமீட்டர் நீளமுள்ள சாய்ந்த முனைகளுக்கு 5 சென்டிமீட்டரும் என் அனுபவத்தில் நன்றாக அமைந்தன. இதைவிட ஆழமாகக் குழித்தால் கூரை இன்னும் விறைப்பாக நிற்கும், ஆனால் நிழலும் மறைவும் குறையும்.

புள்ளிகளை வளைந்து கொடுக்கும் மெல்லிய மூங்கில் பிளாச்சால் இணைத்துக் கோடு வரைந்து, பாதி வளைவுக்கு ஓர் அட்டை அச்சு செய்துகொண்டால் இரு பலகங்களும் ஒன்றுபோல் வரும். துணியைத் தரையில் இழுக்காமல் விரித்து, புத்தகங்களைப் பாரமாக வைத்து, கோட்டுக்கு வெளியே முகட்டில் 1.5 சென்டிமீட்டரும் மற்ற ஓரங்களில் 2 சென்டிமீட்டரும் மடிப்புக்காக விட்டு வெட்ட வேண்டும். இந்த வேலையை மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்வது நல்லது. சிலிக்கோன் துணி சிறு காற்றுக்கும் வழுக்கி நகரும்.

தைப்பதற்கு வீட்டிலுள்ள கால்மிதி இயந்திரமே போதும். ஊசி 11-ஆம் எண், நூல் முழுப் பாலியெஸ்டர், தையல் நீளம் 3 மில்லிமீட்டர். பருத்தி நூல் ஈரத்தில் மக்கிவிடும். தையலை மிகவும் நெருக்கமாகப் போட்டால் அஞ்சல்தலைத் தாளின் துளை வரிசைபோல் ஆகித் துணி அந்த வழியே கிழியும். குண்டூசி குத்தினால் அந்தத் துளை அப்படியே நின்றுவிடும் என்பதால், துணி உலர்த்தும் கிளிப்புகளால் பிடித்துக்கொண்டு, இயந்திரத்தின் முன்புறம் ஒரு கையாலும் பின்புறம் மறு கையாலும் துணியைச் சற்று விறைப்பாகப் பிடித்தபடி தைக்க வேண்டும். முதலில் ஒரு மீட்டர் கழிவுத் துணியில் தைத்துப் பழகாமல் முகட்டில் கை வைக்கக் கூடாது.

முகட்டுத் தையல்தான் எல்லாவற்றிலும் முக்கியமானது. ஜீன்ஸ் காலின் உள்பக்கத்தில் இரண்டு வரிசையாக ஓடும் தையலைப் பார்த்திருப்பீர்கள். அதே முறைதான் இங்கும். இரு பலகங்களையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, ஒன்றின் ஓரம் மற்றதைவிட 7 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க ஒரு தையல் போட்டு, நீண்ட ஓரத்தைக் குட்டை ஓரத்தின்மேல் சுற்றி மடித்து, பலகங்களை விரித்து, அந்த மடிப்பைத் துணியோடு படிய வைத்து இரண்டாவது தையல் போட்டால், வெட்டு முனை எங்கும் வெளியே தெரியாது. மற்ற ஓரங்களுக்கு ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் இருமுறை மடித்துத் தைத்தால் போதும்.

வளையங்கள் ஆறு: முகட்டின் இரு முனைகள், தாழ்வாரத்தின் நான்கு மூலைகள். மிஞ்சிய முக்கோணத்திலிருந்து வெட்டிய துண்டுகளை ஒவ்வொரு மூலையிலும் இரட்டையாக வைத்து, உள்பக்க ஓரத்தைக் குழிவாக வெட்டித் தைக்க வேண்டும். நேராக வெட்டிய ஒட்டு, தன் ஓரத்திலேயே இழுவையைக் குவித்துத் துணியைக் கிழிக்கும். 2 சென்டிமீட்டர் அகலமுள்ள, வரிவரியாக நெய்த பாலியெஸ்டர் நாடாவை மடித்து வளையமாக்கி, ஒட்டுத்துணி, மடிப்பு எல்லாவற்றையும் ஊடுருவும்படி முன்னும் பின்னுமாகப் பலமுறை நெருங்கத் தைத்து இறுக்க வேண்டும். இந்த ஒரு வேலையை மட்டும், கை தளர்கிறவர்கள், நெல்லை டவுனிலோ பாளையங்கோட்டையிலோ பை தைப்பவரிடம் கொடுத்துவிடலாம். அவர்களுடைய கனத்த இயந்திரம் இதை நொடியில் முடிக்கும்.

முகட்டுத் தையலின் துளைகளை அடைக்காவிட்டால் அடைமழையில் தலைமேல் சொட்டும். பெயிண்ட் கடையில் கிடைக்கும் நிறமற்ற முழுச் சிலிக்கோன் பசையை டர்பன்டைனில் நல்லெண்ணெய்ப் பதத்துக்குக் கரைத்து, காற்றோட்டமான இடத்தில், தையலின் வெளிப்பக்கத்தில் தூரிகையால் தேய்த்து ஒரு நாள் முழுவதும் உலரவிட வேண்டும். அக்ரிலிக் பசை சிலிக்கோன் துணியில் ஒட்டாது, உரிந்துவிடும். உலர்ந்தபின் சிறிது முகப்பவுடர் தூவினால் மடிக்கும்போது ஒட்டிக்கொள்ளாது.

கட்டும்போது ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: முகட்டைக் குழித்து வெட்டியிருப்பதால் அதன் அடியில் நேர்க்கயிறு ஓடவிட்டால் அந்தக் கயிறு நடுப்பகுதியை மேலே தள்ளி வெட்டின் பயனையே கெடுத்துவிடும். இரு முனைகளிலும் தனித்தனிக் கயிறு கட்டி இரு மரங்களுக்கும் இழுப்பதே முறை. படுக்கையின் பட்டைகள் வேறு, கூரையின் கயிறுகள் வேறு. படுக்கைப் பட்டை 30 பாகைச் சாய்வில் இருக்கும்போது ஒவ்வொரு மரமும் உங்கள் முழு எடைக்குச் சமமான இழுவையைத் தாங்குகிறது, ஆகவே மரப்பட்டை காயப்படாத அகலமான நாடா வேண்டும். மாமரமும் புளியமரமும் நல்லவை. தென்னைக்கு அடியில் எந்த நிலையிலும் கட்டக் கூடாது. காயோ மட்டையோ விழுந்தால் எந்தத் துணியும் காப்பாற்றாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் மாலை இடிமழையில் தனித்து நிற்கும் பனையையும் தவிர்க்க வேண்டும். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறையின் அனுமதியில்லாமல் தங்குவது சட்டப்படி குற்றம். அடிவாரத்தில் தோப்புக்காரரிடம் கேட்டுத் தங்குவதே நேர்மையான வழி.

முளை அடிப்பது மண்ணைப் பொறுத்தது. அடிவாரத்துச் செம்மண்ணில் சரளை கலந்திருப்பதால் மெல்லிய கம்பி முளைகள் வளையும், தடித்தவை நன்றாகப் பிடிக்கும். கரிசல் காய்ந்திருக்கும்போது கல்போல் பிடித்து, நனைந்ததும் வெண்ணெய்போல் விட்டுவிடும். அங்கே முளை ஒரு முழம் நீளமாவது இருக்க வேண்டும். தேரியின் செம்மணலிலும் ஆற்று மணலிலும் முளையே பயன்படாது. ஒரு முழக் குச்சியின் நடுவில் கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்தில் படுக்கை வாட்டில் புதைத்து மணலை மிதித்து இறுக்கினால் அது அசையாது. ஒவ்வொரு மூலைக் கயிற்றிலும் ஒரு சாண் எலாஸ்டிக் கயிற்றைச் சேர்த்துவிட்டால் காற்றின் வெட்டிழுப்பை அது வாங்கிக்கொள்ளும், வளையத்துக்கும் முளைக்கும் அதிர்ச்சி போகாது. காற்று வரும் பக்கத்துத் தாழ்வாரத்தைத் தரைக்கு ஒரு சாண் உயரம்வரை இறக்கிக் கட்டி, மறுபக்கத்தைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும்.

தைத்து முடித்ததும் மலைக்கு எடுத்துச் செல்லாமல், ஆடிக் காற்று அடிக்கும் ஒரு நாளில் வீட்டு மொட்டைமாடியிலோ களத்திலோ கட்டி, முகட்டின் மேல் இரண்டு வாளித் தண்ணீரை மெல்ல ஊற்றி அடியில் நின்று பார்க்க வேண்டும். ஒழுகும் தையலைச் சாக்குக்கட்டியால் குறித்துக்கொண்டு, காயவிட்டு, அங்கே மட்டும் இன்னொரு முறை பசை தேய்த்தால் போதும். எந்த ஓரம் படபடக்கிறது என்பதும் அன்றே தெரிந்துவிடும்; அந்த ஓரத்தை மட்டும் பிரித்து, குழிவை ஒரு சென்டிமீட்டர் ஆழமாக்கி மறுபடி மடித்துத் தைக்கலாம்.