யாட் கிளப்பில் சேரப் போகிறீர்களா? படகு வாங்குவதை ஒத்திப்போடுங்கள்

பாய்மரப் படகு ஓட்டுகிறவர்கள் சேரும் யாட் கிளப் விஷயத்தில் தப்புக் கணக்குப் போடுகிறவர்கள் இரண்டு வகை. 'அதெல்லாம் பணக்காரர்கள் சமாச்சாரம்' என்று அந்தப் பக்கமே போகாதவர்கள் முதல் வகை. ஆசை தாங்காமல் படகை வாங்கிப்போட்டுவிட்டு, அப்புறம் அதை நிறுத்த ஒரு கிளப்பைத் தேடி அலைகிறவர்கள் இரண்டாவது வகை. கையைச் சுடுவது இந்த இரண்டாவதுதான்.

படகின் விலையை ஒருமுறை கொடுத்தால் முடிந்தது, ஆனால் அதை வைத்துக்கொள்ளும் செலவுக்கு முடிவே கிடையாது. நிறுத்துமிடத்துக்கு வாடகை, இன்சூரன்ஸ், வெயிலில் நைந்துபோகும் பாயும் கயிறும், அடியில் ஒட்டும் பாசியையும் கொட்டலசையும் சுரண்டி மறுபடி பெயின்ட் அடிக்கிற வேலை என்று வருஷா வருஷம் வந்துகொண்டே இருக்கும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு, மெம்பர் ஆகிவிட்டதாலேயே படகு நிறுத்த இடம் கிடைத்துவிடாது, பல கிளப்களில் அதற்குத் தனியாகக் காத்திருப்போர் பட்டியல் இருக்கும்.

அதனால் முதல் ஒரு வருஷமாவது மற்றவர்கள் படகில் க்ரூவாக, அதாவது படகோட்ட உதவும் ஆளாகப் போங்கள். படகு வைத்திருக்கிறவர்களுக்கு ரேஸ் நாளில் எப்போதும் ஆள் பற்றாக்குறைதான், முப்பது அடிப் படகை ரேஸில் ஓட்டுவதற்கே ஐந்தாறு பேர் வேண்டும். ஒன்றும் தெரியாதவருக்கும் அதில் வேலை உண்டு: படகு சாயும்போது காற்று வரும் பக்கத்து விளிம்பில் போய் உட்கார்ந்து எடை கொடுப்பது. மூட்டை மாதிரி உட்காரத்தானா வந்தோம் என்று தோன்றும். ஆனால் அங்கே உட்கார்ந்து பார்த்தால்தான் பாயை எப்போது இறுக்குகிறார்கள், எப்போது தளர்த்துகிறார்கள் என்பது புரியும், உங்களுக்கு டிங்கி என்கிற சின்னத் திறந்த படகு பிடிக்குமா, அடியில் கனமான துடுப்பு மாதிரித் தகடு உள்ள பெரிய கீல் படகு பிடிக்குமா என்பதும் தெரியவரும்.

க்ரூவாகப் போகிறவர்கள் செய்கிற பெரிய தவறு, தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வது. பாயின் அடிப்பக்கத்தைத் தாங்குகிற பூம் என்ற கட்டை இருக்கிறதே, படகின் பின்புறம் காற்றைக் கடந்து திரும்பும்போது, அதாவது ஜைப் செய்யும்போது, அது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சட்டென்று வீசிவரும். படகை நடத்துகிற ஸ்கிப்பர் "ஜைப்!" என்று கத்தினால் தலையைக் குனிய வேண்டும் என்று தெரியாதவர், தெரியாது என்று முன்னாலேயே சொல்லிவிடுவதுதான் மண்டைக்கு நல்லது. புதியவர் என்று தெரிந்தால் பெரும்பாலான ஸ்கிப்பர்கள் பொறுமையாகவே சொல்லிக்கொடுப்பார்கள், அவர்களை எரிச்சலாக்குவது நேரம் தவறி வருகிறவர்கள்தான். ரேஸில் வழக்கமாகத் தொடக்கத்துக்கு 5 நிமிடம் முன்பு முதல் சைகை, 4 நிமிடம் இருக்கும்போது அடுத்தது, 1 நிமிடம் இருக்கும்போது இன்னொன்று என்று கடிகாரம் பார்த்துக் கொடி ஏற்றி இறக்குவார்கள். அதற்குள் பாய் ஏற்றி, தொடக்கக் கோட்டுக்குப் போய், காற்றையும் பார்த்துவைக்க வேண்டும் என்பதால் படகு ரொம்ப முன்னாலேயே கரையை விட்டுக் கிளம்பிவிடும். ஆ, கறுப்பு அடி ஷூ வேண்டாம், படகின் மேல்தளத்தில் கோடு விழும்.

நீச்சல் தெரியும் என்பதற்காக லைஃப் ஜாக்கெட்டை விட்டுவிடுவதும் நிறையப் பேர் செய்கிற தப்பு. பூம் அடித்து மயங்கி விழுந்தவருக்கு நீச்சல் தெரிந்து என்ன பயன்? ஜாக்கெட் வாங்கும்போது அதன் மேல் போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள், அது எவ்வளவு விசையோடு மிதக்கவைக்கும் என்பதை நியூட்டன் கணக்கில் சொல்லும். 50 நியூட்டன் என்றால், நீந்தத் தெரிந்தவருக்கு, உதவி பக்கத்திலேயே இருக்கும் இடத்துக்கு. 150 என்றால், நினைவிழந்தவரையும் பெரும்பாலும் முகம் மேலே இருக்கும்படி திருப்பிவிடும். காற்றையும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 10 நாட் (கடலில் வேகத்தை அளக்கும் அலகு) காற்று 20 நாட் ஆனால் பாய் மேல் விழும் விசை இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகிறது.

பணத்துக்கு வருவோம். ஆண்டுச் சந்தாவை மட்டும் பார்த்துவிட்டு 'சரி, கட்டுப்படியாகும்' என்று கையெழுத்துப் போடாதீர்கள். சேர்க்கைக் கட்டணம் தனி, லாக்கர் தனி, சில இடங்களில் மாதம் இவ்வளவாவது சாப்பாட்டுக்கூடத்தில் செலவழித்தே ஆக வேண்டும் என்ற விதியும் உண்டு. மெம்பர்ஷிப்பிலும் முழு உறுப்பினர், சோஷியல் உறுப்பினர், க்ரூ, இளைஞர், குடும்பம் என்று பல வகை. சோஷியல் வகையில் சேர்ந்தால் கிளப் படகை எடுக்க முடியுமா, கிளப் தேர்தலில் வாக்குரிமை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பல இடங்களில் இரண்டும் கிடையாது.

நாலு பேரோடு பழகுவதற்காகச் சேருகிறவர்கள் சறுக்குவது வேறு இடத்தில். முதல் வாரமே விசிட்டிங் கார்டு நீட்டுவது, சந்தா கட்டியவன் என்ற தோரணையில் ஹோட்டலில் உட்கார்ந்திருப்பது போல் உட்கார்ந்திருப்பது, இப்படி இருந்தால் வருஷம் முழுக்க வந்துபோனாலும் தலையசைப்பைத் தாண்டாது. கிளப்களில் பாதி வேலை உறுப்பினர்களே இழுத்துப்போட்டுச் செய்வதுதான்: ரேஸ் நடத்தும் கமிட்டிப் படகு, மீட்புப் படகு, சீசன் தொடங்கும் முன் பெயின்ட் அடிப்பது. நான் ஒருநாள் கமிட்டிப் படகில் உட்கார்ந்து ஒவ்வொரு படகும் எத்தனை மணிக்கு முடித்தது என்று எழுதிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். சாயங்காலம் கரைக்கு வந்ததும் "நம்ம டைம் எவ்வளவு?" என்று ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள், அதுவரை ஏறெடுத்தும் பார்க்காதவர்கள் கூட. நோட்டு என் கையில் இருந்ததே!

சேர்வதற்கு ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் இரண்டு பேர் முன்மொழிந்து வழிமொழிய வேண்டும் என்று கேட்கிற கிளப்களிலும் இந்த வழிதான் உதவும். சேரும் முன் கிளப்பைப் பார்க்கப் போவதென்றால் விருந்தினருக்கான நாள் வேண்டாம், அன்று எல்லாம் அலங்காரமாக இருக்கும், எல்லோரும் சிரித்த முகமாக இருப்பார்கள். சாதாரண ரேஸ் நாள் ஒன்றில் போய், படகுகள் கரைக்குத் திரும்பியதும் யார் யாரோடு உட்காருகிறார்கள், தனியாக வந்த புது ஆளிடம் யாராவது பேச்சுக் கொடுக்கிறார்களா என்று பாருங்கள்.

விலகும் விதியையும் சேரும் முன்பே படித்துவிடுங்கள். குறிப்பிட்ட தேதிக்குள் எழுத்தில் கொடுக்காவிட்டால் அடுத்த வருஷச் சந்தாவையும் கேட்கிற கிளப்கள் உண்டு.